பனி உருகுமுன் முடிக்க வேண்டியவை: சான் பெர்னார்டினோ மலைகளில் புதிதாகக் குடியேறுவோருக்கு

தென் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலைகளில் கிரெஸ்ட்லைன், லேக் ஆரோஹெட், ரன்னிங் ஸ்பிரிங்ஸ், பிக் பேர் முதலிய ஊர்களில் அண்மையில் வீடு வாங்கியவர்களையும் வாடகைக்குக் குடிவந்தவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பனிப்புயலில் சேதமடைந்த வீட்டுக்கு இழப்பீடு பெறுவதற்காக நான் எழுதிய கடிதங்களும் தொலைபேசியில் காத்திருந்த நேரங்களும் அதிகம். அந்த அலைச்சலில் பாதியையாவது நீங்கள் தவிர்க்கலாம்.

2023 பிப்ரவரி இறுதியில் வந்த புயலையே இக்கட்டுரை முழுவதும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். தேசிய வானிலைச் சேவையின் சான் டியேகோ அலுவலகம் இந்த மலைகளுக்கு அதுவரை விடுத்திராத பனிப்புயல் எச்சரிக்கையை அப்போது விடுத்தது. சில இடங்களில் 100 அங்குலத்துக்கும் மேல் பனி விழுந்தது. மலைச்சாலைகள் மூடப்பட்டன, கிரெஸ்ட்லைனின் முதன்மையான மளிகைக் கடையின் கூரையே இடிந்து விழுந்தது, பலர் ஒரு வாரத்துக்கும் மேலாக வீட்டைவிட்டு வெளியே வர இயலாமல் இருந்தனர். தீயும் வெள்ளமும் தாம் வந்துபோன தடத்தை விட்டுச் செல்கின்றன. பனி அப்படியல்ல: கூரையை முறித்த சுமை இரண்டு வாரத்தில் தண்ணீராகி ஓடிவிடும், அதன்பின் வந்து பார்க்கும் ஆய்வாளருக்கு உடைந்த மரச்சட்டம் மட்டுமே தெரியும். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் காலமே முதன்மையான கவலை.

1. பாலிசியைப் பனிக்காலத்துக்கு முன்பே வரிவரியாகப் படியுங்கள்

காட்டுத்தீ அபாயம் காரணமாக இந்த மலைகளில் பல தனியார் நிறுவனங்கள் வீட்டுக் காப்பீடு தர மறுக்கின்றன. அதனால் வீடு வாங்கும் பலருக்கு, வேறு காப்பீடு கிடைக்காதவர்களுக்கான கடைசிப் புகலிடமாகிய கலிஃபோர்னியா ஃபேர் பிளான் பாலிசிதான் கிடைக்கிறது. கடன் தரும் வங்கி அதை ஏற்றுக்கொள்கிறது, எஸ்கிரோ எனப்படும் வீட்டு விற்பனை நடைமுறையும் முடிந்துவிடுகிறது, வீட்டுக்கு முழுக் காப்பீடு இருக்கிறது என்ற நம்பிக்கையுடன் சாவியை வாங்கிக்கொள்கிறோம். இதுவே முதல் பொறி. ஃபேர் பிளான் அடிப்படையில் தீ, மின்னல், புகை, வீட்டுக்குள் நேரும் வெடிப்பு ஆகியவற்றுக்கான பாலிசி. கூடுதல் கட்டணம் செலுத்திக் காற்று, ஆலங்கட்டி போன்ற சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பனியின் எடையால் கூரை சரிவதும் உறைந்த குழாய் வெடித்து வீட்டுக்குள் நீர் பாய்வதும் அதில் அடங்கா.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே ‘டிஃபரன்ஸ் இன் கண்டிஷன்ஸ்’ என்ற துணைப் பாலிசி வேறு நிறுவனங்களால் விற்கப்படுகிறது. முகவர்கள் இதை டி.ஐ.சி. என்பார்கள். ஆனால் எல்லா டி.ஐ.சி. பாலிசிகளும் ஒரே மாதிரி எழுதப்பட்டவை அல்ல. ‘வெயிட் ஆஃப் ஐஸ், ஸ்நோ ஆர் ஸ்லீட்’ (பனிக்கட்டி, பனி, பனிமழை ஆகியவற்றின் எடை) என்ற சொற்கள் உங்கள் பாலிசியில் இருக்கின்றனவா, இருந்தால் காப்பீடு தரப்படும் பகுதியிலா விலக்கப்பட்ட பகுதியிலா என்பதை நீங்களே தேடிப் பாருங்கள். பிறகு அதே கேள்வியை முகவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ‘கவலைப்படாதீர்கள், எல்லாம் கவர் ஆகும்’ என்று சொல்லப்பட்டதைப் பின்னர் மெய்ப்பிக்க வழியில்லை.

எச்.ஓ.-3 எனப்படும் வழக்கமான முழு வீட்டுக் காப்பீடு உங்களிடம் இருந்தால், பனியின் எடையால் கூரைக்கு நேரும் சேதம் பொதுவாக அதில் அடங்கும். ஆனால் வேலி, நடைதளம், தாங்குசுவர், ஏரிக்கரையில் உள்ள படகுத்துறை ஆகியவற்றைப் பனிக்கட்டியின் அழுத்தம் உடைத்தால் அதற்கு ஈடு கிடையாது. லேக் ஆரோஹெட்டில் படகுத்துறையுடன் வீடு வாங்குபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். குழாய் உறைந்து வெடித்தால் ஈடு கிடைப்பதற்கு, வீட்டைச் சூடாக வைத்திருந்ததை, அல்லது நீரை அடைத்துக் குழாய்களை வடித்துவைத்ததை நீங்கள் காட்ட வேண்டும். வார இறுதியில் மட்டும் வந்துபோகும் வீடு என்றால், சூடாக்கியை அணைத்துவிட்டுப் போவது மின்கட்டணத்தை மிச்சப்படுத்தும், கோரிக்கையைக் கெடுத்துவிடும்.

பனி உருகித் தரையோடு பாய்ந்து வீட்டுக்குள் நுழையும் நீர், காப்பீட்டின் மொழியில் வெள்ளம். மண் சரிந்து வருவது நில அசைவு. இரண்டும் வழக்கமான வீட்டுப் பாலிசியில் விலக்கப்பட்டவை. கூட்டரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் பாலிசி வாங்கலாம், ஆயினும் அது நடைமுறைக்கு வருவதற்குப் பொதுவாக 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். மூன்று அடிப் பனி கூரைமேல் நிற்கையில் வெள்ளக் காப்பீட்டைத் தேடிப் பயனில்லை.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு சொல்: வீட்டு உரிமையாளரின் பாலிசி கட்டடத்துக்கானது. உங்கள் கட்டிலும் கணினியும் அதில் சேரா, அவற்றுக்கு வாடகையாளர் காப்பீடு தனியாக வேண்டும். கார் மீது பனியோ மரக்கிளையோ விழுந்தால், காரின் பாலிசியில் மோதலல்லாத சேதங்களுக்கான ‘காம்ப்ரிஹென்சிவ்’ பகுதி இருந்தால் மட்டுமே ஈடு கிடைக்கும்.

2. முகவரிச் சான்றும் சக்கரச் சங்கிலியும்

2023 புயலின்போது, சாலைகள் ஓரளவு திறந்த பிறகும், அங்கே வசிப்பவர்கள் என்று காட்டியவர்களையே பல நாட்களுக்கு மேலே விட்டார்கள். ஓட்டுநர் உரிமத்தில் பழைய நகர முகவரியே இருந்தால் சோதனைச் சாவடியில் வாதாட வேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவில் வீடு மாறிய 10 நாட்களுக்குள் மோட்டார் வாகனத் துறைக்கு முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது எப்படியும் சட்டம். அண்மைய மின்கட்டண ரசீது ஒன்றைக் காரிலேயே வைத்திருங்கள். இதே ரசீது பின்னர் கூட்டரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமாவிடம் விண்ணப்பிக்கவும் உதவும்.

சங்கிலிக் கட்டுப்பாடு மூன்று நிலைகளைக் கொண்டது. ஆர்-1 என்றால், ஓட்டும் சக்கரங்களில் பனி டயர் உள்ள இலகு வாகனங்களைத் தவிர மற்றவை சங்கிலி மாட்ட வேண்டும். ஆர்-2 என்றால், நான்கு சக்கரங்களிலும் பனி டயர் கொண்ட நாற்சக்கர இயக்க வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. ஆர்-3 என்றால் விலக்கே இல்லை, ஆனால் அந்நிலைக்கு வருமுன் சாலையை மூடிவிடுவதே வழக்கம். புதிதாக வருபவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு: விலக்குப் பெற்ற வண்டியிலும் சங்கிலி கட்டாயம் இருக்க வேண்டும். நாற்சக்கர இயக்கம் இருக்கிறது என்று வெறுங்கையோடு சென்றால் திருப்பி அனுப்பப்படுவீர்கள். சங்கிலியைப் புயலுக்கு முன் மலையடிவாரத்திலேயே வாங்கி, காய்ந்த தரையில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். நெடுஞ்சாலைகள் 18, 330, 38, 138 ஆகியவற்றின் நிலையை மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் குவிக்மேப் செயலியிலோ 800-427-7623 என்ற எண்ணிலோ அறியலாம்.

உங்கள் தெரு கவுண்டியின் பராமரிப்பில் உள்ளதா, தனியார் சாலையா என்பதை இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். தனியார் சாலைக்குக் கவுண்டியின் பனி அகற்றும் வண்டி வராது, அண்டைவீட்டாருடன் சேர்ந்து ஆளமர்த்தித்தான் வழியைத் திறக்க வேண்டும். கவுண்டிச் சாலையில் வண்டி வந்தாலும், அது ஓரமாக ஒதுக்கிச் செல்லும் பனிமேடு உங்கள் வண்டிப்பாதையின் வாயிலை அடைத்துவிடும். அதை அகற்றுவது உங்கள் பொறுப்பு, அதைத் திரும்பச் சாலையில் தள்ளுவதும் கூடாது.

3. புயல் நீடிக்கும்போது கூரையையும் எரிவாயு மீட்டரையும் கவனியுங்கள்

பனியின் உயரத்தைப் பார்த்து அபாயத்தைக் கணிக்க முடியாது. புதிதாக விழுந்த 10 முதல் 12 அங்குலப் பனி ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 5 பவுண்டு எடை கொண்டது. இறுகிப்போன பழைய பனி 3 முதல் 5 அங்குலம் இருந்தாலே அதே எடை வந்துவிடும். பனிக்கட்டியானால் ஒரே அங்குலம் போதும். ஏற்கெனவே படிந்த பனியின்மேல் மழை பெய்தால், பனி அந்த நீரை உறிஞ்சிக்கொண்டு உயரம் கூடாமலே கனமாகிவிடும். நேற்றுவரை எளிதாகத் திறந்த கதவும் சன்னலும் திடீரென இறுகுவது, உள்சுவரில் புதிய விரிசல் தோன்றுவது, கூரைத் தளம் தொய்வது, மரம் முறியும் ஓசை கேட்பது ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டால் உடனே வெளியேறி 911-ஐ அழையுங்கள். கூரைமேல் ஏறாதீர்கள். ஒற்றை மாடி வீடானால் நீண்ட கைப்பிடியுள்ள பனிவாரியைக் கொண்டு தரையில் நின்றபடியே ஓரங்களிலிருந்து இழுக்கலாம், அதுவும் மின்கம்பி அருகில் இல்லையென்றால்.

கூரையிலிருந்து சறுக்கி விழும் பனி எரிவாயு மீட்டரை முறித்துவிடக்கூடும். 2023-இல் எரிவாயுக் கசிவுகளும் வீட்டுத் தீவிபத்துகளும் நேர்ந்தன, தெருக்கள் அடைபட்டிருந்ததால் தீயணைப்பு வண்டிகள் வந்து சேர்வதே கடினமாயிற்று. மீட்டர் இருக்கும் இடத்தில் உயரமான கம்பு ஒன்றை இலையுதிர் காலத்திலேயே நட்டு வையுங்கள். பனி மூடினால் மண்வெட்டியால் கொத்தாமல் கையாலோ துடைப்பத்தாலோ விலக்குங்கள். வாயு நாற்றம் வந்தால் விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியேறிய பின்னரே தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி நிற்க வேண்டும். கராஜின் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஓடவிடுவது போதாது. சூடாக்கியின் புகைப்போக்கி பனியில் புதைந்தாலும் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே தேங்கும்.

4. படம் எடுக்காமல் பனியை அள்ளாதீர்கள்

உயிருக்கு ஆபத்தில்லை என்று உறுதியானவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. இழப்பீட்டுத் தொகையில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதும் இதுவே என்பது என் கருத்து.

முதலில் வீட்டின் நான்கு பக்கங்களையும் தொலைவிலிருந்து எடுங்கள், பனி எந்த உயரம்வரை நிற்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அடுத்து ஓர் அளவுகோலையோ அளவுநாடாவையோ பனியில் செங்குத்தாக நிறுத்தி, எண்கள் தெளிவாகத் தெரியுமாறு எடுங்கள். மூன்றாவதாகச் சேதமான இடத்தையும் அதன்மேல் நிற்கும் பனியையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள். விரிசலை மட்டும் நெருக்கத்தில் எடுத்தால், அது பழைய விரிசல் என்றோ பராமரிப்புக் குறைவால் வந்தது என்றோ சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள். உள்ளே வந்து ஒவ்வோர் அறையின் மேற்கூரையையும் எடுத்த பிறகு, பேசிக்கொண்டே ஒரு காணொளியும் எடுங்கள். அதில் தேதி, நேரம், அறையின் பெயர், எப்போதிலிருந்து நீர் ஒழுகுகிறது என்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கைபேசி தானாகப் பதியும் தேதியும் இடமும் அழியாதிருக்க, மூலப் படங்களை அப்படியே மேகச் சேமிப்பில் ஏற்றிவிடுங்கள். வாட்சாப்பில் அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும்.

வீடு உங்கள் முதன்மை இல்லம் அல்லாமல், நீங்கள் நகரத்தில் சிக்கியிருந்தால், மலையில் இருக்கும் அண்டைவீட்டாரிடம் கேட்டாவது பனி நிற்கும்போதே படம் பெற்றுவிடுங்கள். தேசிய வானிலைச் சேவை வெளியிடும் உங்கள் ஊரின் பனியளவு அறிக்கையையும் சேமியுங்கள். ஒரு நடுநிலை அமைப்பின் அளவு உங்கள் அளவுகோல் படத்துக்குத் துணைநிற்கும்.

இதன்பின் சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை, பாலிசியே அதைக் கோருகிறது. தார்ப்பாய் போர்த்துவது, நீரை அடைப்பது, நனைந்த கம்பளத்தை அகற்றுவது போன்ற தற்காலிக வேலைகளுக்கு ஆகும் நியாயமான செலவைத் திரும்பக் கேட்கலாம். ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்த கூலி கணக்கில் வராது. வேலை செய்த இளைஞரிடம் ஒரு தாளில் தேதி, வேலை, தொகை, கையொப்பம் ஆகிய நான்கையும் எழுதி வாங்கினாலும் போதும். அகற்றிய கம்பளத்தின் ஒரு துண்டையும் உடைந்த மரச்சட்டத்தின் ஒரு பகுதியையும் ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை எறியாமல் வைத்திருங்கள்.

5. காப்பீட்டுக் கோரிக்கை: யாருக்கு எத்தனை நாள்

கோரிக்கையைப் பதிவு செய்யுமுன் டிடக்டிபிள் தொகையை, அதாவது சேதத்தில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கை, பாருங்கள். அது 2,500 டாலராகவும் உங்கள் சேதம் 3,000 டாலராகவும் இருந்தால், 500 டாலருக்காகப் பதிவாகும் அக்கோரிக்கை ‘க்ளூ’ எனப்படும் தொழில்துறைப் பதிவேட்டில் 7 ஆண்டுகள்வரை நிற்கும். மலைப்பகுதியில் காப்பீடு கிடைப்பதே அரிதாக உள்ள நிலையில் அது நல்ல பேரம் அல்ல. ஆனால் கூரையின் உட்சட்டம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் தள்ளிப்போடாமல் பதிவு செய்யுங்கள்.

பதிவு செய்த அன்றே, பாலிசியின் முழுப் பிரதியை எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் அதை 30 நாட்களுக்குள் தர வேண்டும். கலிஃபோர்னியா விதிகளின்படி உங்கள் கோரிக்கை கிடைத்ததை 15 நாட்களுக்குள் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். சேதத்துக்கான சான்றுகள் கிடைத்த பின் 40 நாட்களுக்குள் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். கூடுதல் காலம் தேவைப்பட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவித்து, 30 நாட்களுக்கு ஒருமுறை நிலையை அறிவிக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட தொகையை 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு கெடுவும் கடந்த மறுநாள் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நயமாக எழுதலாம், ஆனால் விதியில் உள்ள நாட்கணக்கைக் குறிப்பிட்டு எழுதுங்கள். என் அனுபவத்தில், பொதுவாகக் கேட்ட கேள்விகளுக்கு மௌனமே பதிலாக வந்தது, நாட்கணக்குடன் எழுதிய கடிதங்களுக்கு விரைவில் பதில் வந்தது.

பெரிய புயலுக்குப் பின் சேதத்தை மதிப்பிடும் ஆய்வாளர்களான அட்ஜஸ்டர்களை வெளிமாநிலங்களிலிருந்து தற்காலிகமாக அழைத்து வருவார்கள். அவர்களில் சிலர் மலைவீட்டின் கட்டுமானத்தையே கண்டிராதவர்கள். உங்கள் கோப்பு பாதியில் வேறொருவர் கைக்கு மாறினால் சொன்னதையெல்லாம் மீண்டும் முதலிலிருந்து சொல்ல நேரிடும். ஆகவே ஒவ்வொரு உரையாடலுக்குப் பின்னும் ‘இன்று நாம் பேசியது’ என்று ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஆறு மாதங்களுக்குள் மூன்றாவது அட்ஜஸ்டர் நியமிக்கப்பட்டால், கோரிக்கையின் அப்போதைய நிலையை எழுத்தில் தருமாறு நிறுவனத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முதலில் வரும் காசோலை பெரும்பாலும் தேய்மானம் கழித்த மதிப்புக்கானது. தேய்மானம் கழிக்காமல் புதிதாக மாற்றும் செலவைத் தரும் ‘மாற்றுச் செலவு’ப் பாலிசி உள்ளவர்கள் பழுதுபார்த்து முடித்துச் செலவைக் காட்டிய பிறகு எஞ்சியதைப் பெறலாம். அதற்கு முதல் தொகை பெற்ற நாளிலிருந்து குறைந்தது 12 மாதங்களும், அவசரநிலை அறிவிக்கப்பட்ட பேரிடரானால் 36 மாதங்களும் சட்டம் தருகிறது. வழக்குத் தொடர்வதற்கான கெடு பொதுவாக 12 மாதங்கள், அவசரநிலையுடன் தொடர்புடைய இழப்புக்கு 24 மாதங்கள். 2023 மார்ச் 1 அன்று ஆளுநர் 13 கவுண்டிகளுக்கு அவசரநிலை அறிவித்தது இத்தகைய காரணங்களால்தான் வீட்டுக்காரர்களுக்கு முக்கியமாயிற்று. உங்கள் புயலுக்கு அத்தகைய அறிவிப்பு உண்டா என்று பார்த்து, இருந்தால் அதன் பிரதியைக் கோப்பில் சேருங்கள்.

பழைய கூரையை இன்றைய கட்டட விதிப்படி, இன்றைய பனிச்சுமைக் கணக்குப்படி கட்டக் கவுண்டி கேட்கும். அந்தக் கூடுதல் செலவு ‘ஆர்டினன்ஸ் ஆர் லா’ என்ற தனிப் பிரிவின்கீழ் வருகிறது. அட்ஜஸ்டர் தாமாக அதைக் குறிப்பிடுவார் என்று காத்திராமல் நீங்களே கேளுங்கள். நிறுவனத்துடன் முட்டுக்கட்டை ஏற்பட்டால் மாநிலக் காப்பீட்டுத் துறையில் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம், அதன் எண் 800-927-4357.

6. ஃபெமா உதவியும் விசாவும்

ஃபெமாவின் தனிநபர் உதவி ஒவ்வொரு புயலுக்கும் கிடைப்பதில்லை. குடியரசுத் தலைவர் பெரும் பேரிடர் என அறிவித்து, உங்கள் கவுண்டியைத் தனிநபர் உதவிக்கெனக் குறிப்பிட்டிருக்க வேண்டும். 2023 புயலுக்குப் பெரும் பேரிடர் அறிவிப்பே ஏப்ரல் 3 அன்றுதான் வந்தது, அதாவது பனி விழுந்து ஒரு மாதத்துக்கும் பிறகு. நான்காம் படியை நான் இவ்வளவு வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். அறிவிப்பு வந்த நாளிலிருந்து விண்ணப்பிக்க வழக்கமாக 60 நாட்கள் தருவார்கள். இணையத்திலோ 800-621-3362 என்ற எண்ணிலோ விண்ணப்பித்து, கிடைக்கும் 9 இலக்கப் பதிவெண்ணை ஒவ்வொரு ஆவணத்தின் தலைப்பிலும் எழுதுங்கள்.

முதன்மை இல்லத்துக்கு மட்டுமே இந்த உதவி. வார இறுதி வீடும், விடுமுறை வாடகைக்கு விடும் வீடும் இதில் வரா. வாடகைக்கு விடுபவர்கள் சிறுதொழில் நிர்வாகத்தின் பேரிடர்க் கடனைத்தான் நாட வேண்டும்.

நம்மவர்கள் தடுமாறுவது குடிவரவுத் தகுதியில். பணமாகக் கிடைக்கும் உதவிக்கு அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் சட்டம் தகுதியுடையோராக வகுத்துள்ள வேறு சில பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். எச்-1பி, எல்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் வீட்டில் 18 வயதுக்குட்பட்ட, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற குழந்தை இருந்து, அதற்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணும் இருந்தால், அக்குழந்தையின் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இங்கே பிறந்த குழந்தைகளை உடைய எத்தனையோ குடும்பங்கள் இதை அறியாமல் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகின்றன. தங்குமிடம், உணவு, மனநல ஆலோசனை போன்ற பணமல்லாத உதவிகளுக்கு எந்த விசாவும் தடையில்லை. விண்ணப்பத்தில் தவறான குடிவரவு நிலையைக் குறிப்பிடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். கையொப்பமிடும் உறுதிமொழி பிற்காலக் குடிவரவு வழக்குகளிலும் உங்களைத் துரத்தும்.

தேவையான ஆவணங்கள்: சமூகப் பாதுகாப்பு எண், வீட்டின் பத்திரம் அல்லது சொத்துவரி ரசீது அல்லது கடன் அறிக்கை, அங்கே குடியிருந்ததற்கான மின்கட்டண ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், இவற்றுடன் காப்பீட்டு நிறுவனம் ஏற்றதையோ மறுத்ததையோ தெரிவிக்கும் கடிதம். அந்தக் கடிதம் இல்லாததால்தான் பலரது விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன. காப்பீடு தரும் தொகையை ஃபெமா மீண்டும் தராது என்பதால், காப்பீட்டு முடிவு தெரியும்வரை உங்கள் கோப்பு நகராது. ஆயினும் அந்த முடிவுக்காகக் காத்திருந்து 60 நாள் கெடுவைத் தவறவிடாதீர்கள். முதலில் விண்ணப்பித்துவிட்டுக் கடிதத்தைப் பின்னர் சேர்க்கலாம்.

‘தகுதியில்லை’ என்ற கடிதம் வந்தால் முழுவதையும் படியுங்கள். பெரும்பாலும் ஓர் ஆவணம் குறைகிறது என்பதே அதன் பொருளாக இருக்கும். கடிதத்தின் தேதியிலிருந்து 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 2023 நிதியாண்டில் வீட்டுப் பழுதுக்கும் பிற தேவைகளுக்கும் தனித்தனியே 41,000 டாலர் உச்சவரம்பாக இருந்தது. அதை உங்களுக்குக் கிடைக்கப்போகும் தொகையாக எண்ணித் திட்டமிட வேண்டாம். சிறுதொழில் நிர்வாகத்தின் குறைந்த வட்டிக் கடன் வீட்டுக்காரர்களுக்கும் உண்டு: வீட்டுக்கு 5,00,000 டாலர்வரை, உடைமைகளுக்கு 1,00,000 டாலர்வரை. அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்பதையும், பெருந்தொகையானால் வீட்டை ஈடாகக் கேட்பார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

7. ஒப்பந்தக்காரரும் முன்பணமும்

புயல் ஓய்ந்ததும் கதவைத் தட்டிக் குறைந்த விலை சொல்பவர்கள் வருவார்கள். 1,000 டாலரோ அதற்கு மேலோ ஆகும் வேலைக்கு மாநில உரிமம் கட்டாயம். ஒப்பந்தக்காரர் உரிம வாரியத்தின் தளத்தில் அவரது எண்ணைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். வீட்டு மராமத்துக்கு முன்பணமாக ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இவற்றுள் எது குறைவோ அதற்கு மேல் கேட்பது சட்டவிரோதம். கூரைப்பலகை வாங்கப் பாதிப் பணம் வேண்டும் என்று எவ்வளவு நியாயமாகச் சொன்னாலும் கொடுக்காதீர்கள். அவசரநிலை அறிவிக்கப்பட்ட பின் 180 நாட்களுக்குப் பழுதுபார்க்கும் பணிகளின் விலையை முந்தைய விலையைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தவும் தடை உள்ளது. கவுண்டியின் கட்டட அனுமதி இல்லாமல் செய்த கூரைவேலை, வீட்டை விற்கும்போது மீண்டும் தலைதூக்கும்.

8. பலரும் விட்டுவிடும் வரிச் சலுகைகள்

சொத்தின் சந்தை மதிப்பு பேரிடரால் 10,000 டாலரோ அதற்கு மேலோ குறைந்திருந்தால், கவுண்டி மதிப்பீட்டாளரிடம் 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்து, பழுது நீங்கும்வரை சொத்துவரியைக் குறைத்துக்கொள்ளலாம். கட்டடம் மீண்டும் பழையபடி கட்டப்பட்டால் பழைய மதிப்பே திரும்பும் என்பதால், வரி உயர்ந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். யாரும் வந்து இதைச் சொல்லமாட்டார்கள், படிவத்தை நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.

கூட்டரசு அறிவித்த பேரிடரில் காப்பீடு ஈடுசெய்யாத இழப்பை, படிவம் 4684 வழியாக வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். பொதுவான கணக்கில் ஒரு நிகழ்வுக்கு 100 டாலரும், வருமானத்தில் 10 விழுக்காடும் முதலில் கழிக்கப்படுவதால் சிறு இழப்புகளுக்கு இது பயன்படாது. விரும்பினால் இழப்பை முந்தைய ஆண்டின் கணக்கில் காட்டி, திரும்பவரும் தொகையை விரைவாகப் பெறலாம்.

9. அடுத்த பனிக்காலத்துக்கு முன்

பனிச்சேதத்துக்கு இழப்பீடு பெற்றவர்களின் பாலிசியைப் புதுப்பிக்காமல் விடுவதற்கு நிறுவனங்களுக்குப் பொதுவாகத் தடையில்லை. அவசரநிலைக்குப் பின் ஓராண்டுக்குப் பாலிசியை நிறுத்தக்கூடாது என்ற பாதுகாப்பு காட்டுத்தீக்கு மட்டுமே உரியது. புதுப்பிக்கப்போவதில்லை என்றால் குறைந்தது 75 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். ஆகவே கோடையில் வரும் காப்பீட்டுக் கடிதம் எதையும் பிரிக்காமல் ஒதுக்கி வைக்காதீர்கள். மாற்று பாலிசி, டி.ஐ.சி., தேவையானால் வெள்ளக் காப்பீடு ஆகியவற்றை அக்டோபருக்குள் முடித்துவிட்டால், 30 நாள் காத்திருப்பும் கழிந்து டிசம்பரில் எல்லாம் நடைமுறையில் இருக்கும்.